துணியை அளக்கும் மவுஸ்

ஆப்டிகல் மவுஸின் அடியில் சிவப்பு ஒளி தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். (சில மவுஸ்களில் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.) அதற்குள் ஒரு குட்டி கேமரா இருக்கிறது. அஜிலென்ட் நிறுவனத்தின் ஏடிஎன்எஸ்-2051 என்ற சென்சார் விநாடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் 256 புள்ளிகள்தான். ஒரு படத்தில் இருந்த கீறல் அடுத்த படத்தில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கணக்கிட்டு, அது கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும்.

மவுஸ் நகராமல், அடியில் இருப்பது நகர்ந்தால்? கணக்கு மாறாது. பிள்ளைச்சாவடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் காட்டும் சோதனை இது.

சோதனை

1. கன்ட்ரோல் பேனலில் மவுஸ், பாயிண்டர் ஆப்ஷன்ஸ் சென்று, என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

2. பெயிண்ட் புரோகிராமைத் திறங்கள். பாயிண்டர் நிற்கும் இடம் கீழே எண்ணாகத் தெரியும்.

3. மவுஸை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியில் ஒரு துணியை இடப்பக்கமாக மெதுவாக 1 செ.மீ. இழுங்கள். பாயிண்டர் வலப்பக்கம் போகும். எண் எவ்வளவு கூடியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. இப்போது 2 செ.மீ. இழுங்கள். ஏறத்தாழ இரு மடங்கு வரும்.

மில்லில் என்ன பயன்?

ஓடும் துணியின் மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டு, சுற்றுகளை எண்ணுவது பழைய முறை. சக்கரம் வழுக்கினால் மீட்டர் தவறும். திருப்பூர் பனியன் துணி இழுபடும் என்பதால் இன்னும் சிக்கல். மீட்டர் கணக்கில் விற்பவருக்கோ வாங்குபவருக்கோ நஷ்டம். ஒளியால் அளந்தால் துணியைத் தொடவே வேண்டாம்.

நூற்பாலைகளில் நூல் சுற்றும் மெஷினில் உள்ள யார்ன் கிளியரர்களில் சிலவும் இந்த இனம்தான். ஓடும் நூலின் மீது ஒளி விழும். நூல் தடித்தால் சென்சாருக்கு வரும் ஒளி குறையும். உடனே நூல் வெட்டப்பட்டு, அந்தப் பகுதி நீக்கப்பட்டு, மீண்டும் இணைக்கப்படும். நிமிடத்துக்கு 1,200 மீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். புரோகிராம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதித்தாலும் 2 செ.மீ. நூல் தப்பிவிடும்! எங்களைப் போன்ற சாப்ட்வேர்காரர்களுக்கு இதுதான் சவால்.

கண்ணாடி மேசையில் பாயிண்டர் தாவுகிறதா? மவுஸ் கெட்டுவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். கண்ணாடியில் பிடிப்பதற்குக் கீறலோ இழையோ இல்லை, அவ்வளவுதான். தெளிவான பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைக் கவனிக்க, தொழிற்சாலைகளில் ஒளிக்குப் பதில் மீயொலி சென்சார் வைப்பதும் உண்டு. உங்களுக்கு ஒரு வெள்ளைத் தாள் போதும். மவுஸுக்கு அடியில் விரித்துப் பாருங்கள்.