இரண்டு லீற்றர் வீட்டுக்கு

அன்பு மருமகளுக்கு,

பதுளைக்குப் போன இடத்தில், கடையில் பனீரின் விலையைக் கேட்டுத் திகைத்துப்போனதாக எழுதியிருந்தாய். கடையை விடு. உங்கள் லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில் இருக்கிறது, வேலியோரத்தில் தேசிக்காய் காய்க்கிறது. பனீருக்கு வேறொன்றும் வேண்டாம்.

பசறையிலிருந்து அப்புத்தளை வரை, மாடு வளர்க்கும் தோட்டத்து வீடுகளில் நான் பார்த்தது ஒரே வழக்கம்தான். விடியக் கறந்த பால் பெரட்டுக்கு முன்னமே கேனில் ஏறிப் போய்விடும். வீட்டில் குடிப்பது பிளேன்டீ. பால்காசு வேண்டாமென்று சொல்லமாட்டேன், உன் படிப்புச் செலவு அதில்தான் ஓடுகிறது. ஆனால் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவாய்வு சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். மாடு நிற்கிற வீட்டுப் பிள்ளைக்கும் பால் எட்டாமல் போவதை என்னால் ஏற்க முடியாது. கிழமைக்கு ஒரு நாள் இரண்டு லீற்றரை வீட்டுக்கு நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் கேள். குடிக்கக் கொடுத்தால் ஆளுக்குச் சில வாய்தான். பனீராக்கிக் கறி வைத்தால் சோற்றோடும் ரொட்டியோடும் எல்லோர் தட்டுக்கும் போய்ச் சேரும்.

உன் அப்பாயி மறுப்பார். பொங்கலன்று பால் பொங்கினால் மகிழ்கிறவருக்கு, அடுப்பில் பால் திரிந்தால் மனம் கலங்கிவிடும். அவரிடம் சீம்பாலைச் சொல். கன்று ஈன்ற மாட்டின் பாலை அவித்துக் கட்டியாக்கித் துண்டுபோட்டுத் தந்தவர் அவர்தானே? சூட்டில் இறுகும் புரதம் சீம்பாலில் மிகுதி. அதனால் அது புளிப்பில்லாமலே கட்டியாகும். சாதாரணப் பாலின் புரதத்தில் பெரும்பங்கு கேசின் என்பது. அது எவ்வளவு கொதித்தாலும் கட்டியாகாது, புளிப்புப் பட்டால்தான் ஒன்றோடொன்று ஒட்டும். சூடும் புளிப்பும் சேரும்போது இருவகைப் புரதமும் பிணைந்து, கொழுப்பையும் பிடித்துக்கொண்டு திரளும். அதுதான் பனீர்.

மாலைப் பாலை எடு. காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையில் நேரம் குறைவாதலால் அதில் கொழுப்புக் கூட. மடியிலிருந்து கடைசியாக வரும் பால் இன்னும் திறம். பொங்கியதும் இறக்கு. அப்புத்தளை 1400 மீற்றருக்கு மேலே இருப்பதால் அங்கே தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகச் சுணங்குகிறது. பனீருக்கு அந்தக் கவலை இல்லை, 85 பாகையே போதும்.

இரண்டு நிமிடம் பொறு. லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றில் அதே அளவு சுடுதண்ணீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றி, அகப்பையால் மெல்லத் துழாவு. சாறு முழுவதும் போயாக வேண்டுமென்றில்லை. வெண்மை நீங்கி, இளம்பச்சை கலந்த மஞ்சள் நீர் பிரிந்தவுடன் நிறுத்து. இந்த இடத்தில்தான் பலருக்குக் கை நிற்பதில்லை. புளிப்புக் கூடினால் பனீர் இறுகி, மணல் மணலாக உதிரும். நீர் இன்னும் பால்போல இருந்தால் மட்டும் அரைக் கரண்டி சேர்.

கொதிநீரில் போட்டெடுத்த பழைய வேட்டித் துணியில் வடித்து, கொதித்தாறிய தண்ணீரால் ஒருமுறை அலசு. துணியை இறுக்கி முடிந்து, தட்டில் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்று. அரைமணி போதும். வங்காளத்தில் பாரம் ஏற்றாமல் இளக்கமாகவே எடுத்து ரசகுல்லா செய்கிறார்கள். இரண்டு லீற்றருக்கு ஏறக்குறைய 300 கிராம் வரும். வெல்லவாயப் பக்கம் சட்டித் தயிருக்குப் போகும் எருமைப் பாலென்றால் இன்னும் கூடும்.

வடிந்த நீரைக் கொட்டாதே. அந்த இளம்பச்சை, ரைபோஃபிளேவின் என்னும் உயிர்ச்சத்தின் நிறம். ரொட்டி மாவை அதில் பிசை, ரசத்துக்கு ஊற்று. பருப்பை மட்டும் அதில் போடாதே, புளிப்பில் வேகாது. பாலின் சர்க்கரையில் பெரும்பகுதி இந்த நீரோடு போய்விடுகிறது. பால் குடித்தால் வயிறு ஊதுகிற அப்பாயிக்கும் பனீர் ஒத்துக்கொள்ளும்.

வட இந்தியக் கறிகளுக்கு முந்திரியும் பாலேடும் வேண்டும். அந்தச் செலவு நமக்கு எதற்கு? பசளி இருக்கிறது, தேங்காய் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கி, அரிந்த பசளியும் மஞ்சளும் சீரகமும் சேர்த்து, மசிந்ததும் தேங்காய்ப்பால் விட்டு, பனீரைக் கடைசியில் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கு. பிணைந்துபோன புரதம் சீஸ்போல உருகாது. கொதிக்கக் கொதிக்க இறுகத்தான் செய்யும். வெலிமடைக் கறிமிளகாய் மலிந்த நாளில் டெவல் செய்து பார். துண்டுகளைப் பொரித்து, உப்புப் போட்ட சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் மெதுமெதுவென்று இருக்கும். பிறகு பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, இடித்த செத்தல்மிளகாயோடு எரியும் நெருப்பில் பிரட்டு. தேங்காய் ரொட்டிக்கு என் விருப்பம் அதுதான்.

பிரிஜ் இல்லாத வீட்டில் பனீர் தங்காது. மாலையில் எடுத்ததை அன்றிரவே சமைத்து, பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கும் கொடு. அம்மா பால்காசைக் கணக்குப் பார்த்துத் தயங்கினால் எனக்கு எழுது, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அத்தை