டார்க் கபோர்டுக்கு எந்தக் கலர் மேடை?

கபோர்டுக்கு டார்க்கான வெங்கே கலர் லேமினேட் முடிவு பண்ணிட்டேன்னு சொன்னே. எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா மேடைக்கும் கருப்பு கிரானைட்டே போட்டுடலாம்னு கடைக்காரர் சொன்னாராமே, அதுக்கு மட்டும் அவசரப்பட்டுத் தலையாட்டிடாதே. உன் ஃப்ளாட்டு கிச்சன் எட்டுக்கு ஏழு, ஜன்னல் ஒண்ணே ஒண்ணு. கீழேயும் மேலேயும் கருப்புன்னா பட்டப்பகல்லயே லைட் போட்டுத்தான் அரிசியில கல்லு பொறுக்கணும்.

கருப்புல அழுக்கு தெரியாதும்பாங்க. மஞ்சளும் குழம்பும் தெரியாதுதான். ஆனா மாவு, உப்பு, தேங்காய்ப் பால்னு சமையல்ல பாதி வெள்ளைதானே? அத்தனையும் பளிச்சுனு தெரியும். போர் தண்ணி வர்ற வீடுன்னா சிங்க் ஓரத்துல காய்ஞ்ச உப்புக்கறை வேற. அதைத் துடைச்சே கை ஓஞ்சிடும்.

அதுக்காகத் தூய வெள்ளைக்கும் தாவிடாதே. வெங்கே, வால்நட் ரெண்டுலயும் உள்ளுக்குள்ள பழுப்பு ஓடும். நீலம் கலந்த பளீர் வெள்ளையைப் பக்கத்துல வெச்சா ஒட்டாம நிக்கும். இந்த ரெண்டுக்கும் கிரீம், பீஜ், லேசா மஞ்சளோ பழுப்போ ஓடின கல்லுதான் சேரும். சார்க்கோல் கிரே, கருநீலம் மாதிரி கபோர்டா இருந்தா சாம்பல் ரேகை ஓடின வெள்ளை எடுப்பா இருக்கும். மூணு வேளையும் தாளிக்கிற வீட்டுக்கு என் ஓட்டு, பொடிப்பொடியா புள்ளி விழுந்த நடுத்தர நிறத்துக்குத்தான். சிந்தினதும் தெரியாது, கிச்சனும் இருட்டடிக்காது.

வெளிர் நிறக் கல்லுல ஒரு விஷயம் பாக்கணும். மதுரைப் பக்கத்துக் கல்லான காஷ்மீர் ஒயிட்டையே எடுத்துக்கோ. வெள்ளையில சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளியோட அழகாத்தான் இருக்கும், ஆனா எண்ணெயை உறிஞ்சும். கடையில ஒரு துண்டு கேட்டு வாங்கி, அதுல கொஞ்சம் தண்ணி விட்டுப் பத்து நிமிஷம் கழிச்சுத் துடைச்சுப் பாரு. விட்ட இடம் கருத்திருந்தா அது குடிக்கிற கல்லு. சீலர் அடிச்சே ஆகணும், அப்பப்போ திரும்பவும் அடிக்கணும். எலுமிச்சை, புளி பட்டாலே மார்பிள் பாலிஷ் போயிடும், அந்தப் பக்கமே போகாதே. குவார்ட்ஸ்ல வேணுங்கிற கலர் கிடைக்கும். ஆனா அது கல்தூளை ரெசின்ல இறுக்கினது. அடுப்புலேர்ந்து இறக்கின வாணலியை நேரா வெச்சா தடம் விழுந்துடும், அடியில ஒரு மணை வெச்சுக்கோ.

கல்லு யார்டுல வெயில்ல நிறுத்தி, மேல தண்ணி அடிச்சுக் காட்டுவாங்க. அப்படிப் பாத்தா எந்தக் கல்லும் தங்கமாத்தான் தெரியும். காய விட்டுப் பாரு. வாங்கின துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, லேமினேட் சாம்பிளை நிமிர்த்தி நிறுத்தி, கல்லை அதுக்கு மேல படுக்க வெச்சுப் பாரு. ராத்திரி உன் கிச்சன் லைட்லயும் ஒரு தடவை பாத்துடு, மஞ்சள் வெளிச்சத்துல கிரீம் கல்லு அழுக்கு மஞ்சளாத் தெரியலாம். எல் ஷேப் மேடைன்னா மூலையில ஜாயின்ட் வரும். கருப்புல மறைஞ்சிடும், வெளிர் கல்லுல காட்டிக்கொடுத்துடும். அதனால ஒரே லாட்ல அடுத்தடுத்து அறுத்த ஸ்லாபா கேட்டு வாங்கு.

அதெல்லாம் சரிக்கா, பில்டர் ஏற்கெனவே கருப்பு போட்டுட்டாரேன்னு உன் ஃப்ரெண்டு கேட்டாளே, மேடையை உடைக்க வேணாம்னு அவகிட்ட சொல்லு. மேடைக்கும் மேல் கபோர்டுக்கும் நடுவுல கிரீம் டைல்ஸ், கபோர்டுக்கு அடியில ஒரு எல்இடி ஸ்ட்ரிப், இது போதும். ஸ்ட்ரிப்புக்கு மேல பால் நிற மூடி இருக்கணும். இல்லேன்னா பளபளக்குற கருப்புக் கல்லுல ஒவ்வொரு பல்பும் புள்ளி புள்ளியாத் தெரிஞ்சு கண்ணைக் குத்தும்.

கல்லு எதுவானாலும், மேடை விளிம்புக்கு அடியில நீளவாக்குல மெல்லிசா ஒரு பள்ளம் வெட்டச் சொல்லிடு. வழியற தண்ணி அங்கேயே சொட்டிடும். இல்லேன்னா டார்க் ஷட்டர்ல கோடு கோடா இறங்கும், உள்ளே பிளைவுட்டும் ஊறும்.