பொதுக் கணிப்பொறியும் காய்ச்சற் காலமும்

கணிப்பொறிக்கு வைரஸ் வரும் என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். அதனைத் தடுக்கும் மென்பொருளை ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்குகிறோம். அக்கணிப்பொறியைத் தொடும் விரல்களின் வழியே மனிதனுக்கு வரக்கூடிய வைரஸைப் பற்றியோ நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் ஃபுளூ காய்ச்சல் பரவும்போதேனும் எண்ணுதல் வேண்டும்.

தமிழ்த்துறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனக் கேட்பார் உளர். இன்று நம் மாணவர் கட்டுரைகளைத் தட்டச்சிட்டே தருகின்றனர். தமிழ்99 விசைப்பலகையில் க, ப, ம, த என்பன நடுவரிசையில் வலக்கை விரல்களின் அடியிலேயே அமைந்துள்ளன. ஒரு நாளில் எத்தனை பேர் அப்பலகைமுன் அமர்ந்தாலும் அத்தனை பேரும் அந்நான்கு விசைகளையும் தொட்டேயாக வேண்டும்.

ஃபுளூ வைரஸ் பொருள்களின்மீது எவ்வளவு நேரம் உயிர்ப்புடன் இருக்கும் என்பதை 1982இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. துணியிலும் தாளிலும் அது 12 மணி நேரத்திற்கு மேல் தங்கவில்லை. பிளாஸ்டிக், எஃகு போன்ற வழவழப்பான பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரை தங்கியது. நூலகத்து நூலைக் காட்டிலும் விசைப்பலகையே நமக்கு ஐயத்திற்குரியது என்பது இதனால் விளங்கும்.

அவ்வாய்வு கூறும் மற்றொரு செய்தி இன்னும் சுவையானது. கைக்கு மாறிய வைரஸ் அங்கு ஏறத்தாழ 5 நிமிடமே நிலைத்தது. அந்த ஐந்து நிமிடத்திற்குள் நாம் மூக்கையோ கண்ணையோ எத்தனை முறை தொடுகிறோம்! தட்டச்சிட்டு எழுந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுதல் பலகையைத் துடைப்பதினும் முதன்மையானது. இவ்வைரஸைச் சூழ்ந்துள்ள கொழுப்புறையைச் சோப்பு கரைத்துவிடும்.

துடைப்பதிலும் முறையுண்டு. மின்னிணைப்பை நீக்கிவிட்டு, 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் விசைகளையும் சுட்டியையும் துடைத்தல் வேண்டும். கரைசலைப் பலகையின்மேல் நேரே தெளித்தலாகாது. உள்ளே இறங்கிப் பழுதாக்கும். கலப்பற்ற ஆல்கஹால் நன்மை மிகுதியாகத் தரும் என எண்ணுதலும் பிழை. அது விரைந்து ஆவியாகிவிடும். உடனுள்ள நீரே அதன் வேலைக்குத் துணை. ஆல்கஹால் என்றதும் முகம் சுளிக்கும் பெரியோருக்கு ஒன்று: சொல் அரபியில் பிறந்தது, இக்கரைசலோ பருகினால் நஞ்சு, துடைப்பதற்கே உரியது. திரைக்கு மட்டும் இது வேண்டா. சிறிது நீரில் நனைத்த துணி போதும்.

இத்தனையும் செய்தாலும் ஃபுளூ பெரிதும் பரவுவது இருமலாலும் தும்மலாலும் காற்றின் வழியேதான். குளிரூட்டிய அறையின் சன்னல்களை நாம் தூசுக்கு அஞ்சி அடைத்து வைக்கிறோம். அவ்வறைக்குள், வருகைப் பதிவு குறையுமோ எனக் காய்ச்சலோடு வந்து அமரும் மாணவனை எத்துணியால் துடைப்பது? அவனை வரச் செய்தது நம் விதியே. காய்ச்சலுற்றோர்க்குச் செய்முறைத் தேர்வை வேறொரு நாளில் நடத்தித் தருமாறு துறைத் தலைவரிடம் நாம் விண்ணப்பம் அளித்திருக்கிறோம். இவ்வாண்டு மழைக்கு முன் விடை வரவேண்டும்.