மலையை வரையப் போகிறேன்

கேள்வி: விடுமுறையில் மேற்குமலை அடிவாரத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைய ஆசை. எப்படித் திட்டமிடலாம்? – வாசகர், ஆலங்குளம்

பதில்: முழு நாளும் வேண்டாம், காலை போதும். உங்களுக்கு மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் அதன் முகத்தில் நேராக விழும். மடிப்பு, பாறை, ஓடை எல்லாம் தெரியும். மதியத்துக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் சாய்ந்துவிடும். அப்போது கிடைப்பது நீல நிழல் மட்டும். அதுவும் அழகுதான், ஆனால் வேறு படம்.

1792-ல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் நம் தெற்குச் சீமைக்கு வந்தார்கள். பாபநாசம் அருவியை நேரில் பார்த்துக் கோட்டோவியமாக்கி, லண்டன் திரும்பிய பிறகே அச்சுப்படமாக்கினார்கள். நீங்களும் அங்கேயே முடிக்கத் துடிக்க வேண்டாம். பெரிய வடிவங்களையும் நிழலையும் பிடியுங்கள், மிச்சத்தை வீட்டில் பார்க்கலாம்.

தூரத்து மலைக்குப் பச்சை பூசுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. நடுவில் இருக்கும் காற்று அதை நீலமாக்கிவிடும். தடித்த தாளும் காற்றுக்குக் கிளிப்பும் அவசியம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கக் காடு 2021 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போகாதீர்கள். கண்மாய்க்கரையிலிருந்தே மலை நன்றாகத் தெரியும்.