வண்டிக்கு வாங்கும் கூடுதல் வாரண்டி: எதற்குப் பணம் கட்டுகிறோம்?





இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "ஹஜ்ரத் மிம்பரில் நின்று வண்டி வாரண்டி பேசுகிறாரே" என்று நினைக்கலாம். ஆனால் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையோ நோன்போ அல்ல. தவணை வைத்துச் செய்யும் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றியது அது. அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். காசு கைமாறும் இடத்தில் என்ன பேசினோம், என்ன எழுதினோம் என்பது அல்லாஹ்விடத்தில் அவ்வளவு பெரிய விஷயம்.

நம் மஹல்லாவில் நடந்தது

சில மாதங்களுக்கு முன் மஃரிபுக்குப் பிறகு ஒரு சகோதரர் கையில் ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். சொந்தமாக ஒரு சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறார். நிட்டிங்கிலிருந்து துணி ரோலை ஏற்றிச் சாயப்பட்டறையில் இறக்குவார். அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு பனியன் கம்பெனி. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"ஹஜ்ரத், வண்டி எடுக்கும்போதே 14,000 ரூபா கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டேன். எல்லாமே கவர் ஆகும் பாய்னு சொன்னாங்க. இப்ப கிளட்ச் போயிருச்சு. கேட்டா கிளட்ச் பிளேட் வாரண்டில வராதுங்கறாங்க. என்னை ஏமாத்திட்டாங்க."

மூன்று நாள் வண்டி நின்றிருந்தது. சாயம் போட்ட லாட் காத்திருக்காது, காண்ட்ராக்டர் வேறு வண்டிக்காரருக்கு லோடைக் கொடுத்துவிட்டார். கிளட்ச் செலவை விட அந்த வாடிக்கை போனதுதான் அவருக்குப் பெரிய அடி.

இருவரும் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாசித்தோம். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. எதெல்லாம் சேராது என்ற பட்டியலில் கிளட்ச் பிளேட் தெளிவாக இருந்தது. கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

இதில் இன்னொரு வேதனை, அந்த வாரண்டியை விற்ற பையனும் நம் மஹல்லாதான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலை குனிந்து சொன்னான்: "ஹஜ்ரத், நானும் அதைப் படிச்சதில்ல. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன்."

விற்றவனும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை. இடையில் 14,000 ரூபாய் கைமாறியது, ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஆடிப்போனது. அதனால்தான் இந்தப் பாடம்.

குறை வேறு, தேய்மானம் வேறு

ஃபிக்ஹில் "கியாருல் ஐப்" என்று ஒரு பாடம் உண்டு. வாங்கிய பொருளில், கைமாறுவதற்கு முன்பே இருந்த குறை பின்னால் தெரியவந்தால், அதைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு. ஆனால் பொருள் அவர் கைக்கு வந்த பிறகு, அவர் பயன்பாட்டில் புதிதாக ஏற்பட்ட குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல.

வாரண்டியைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. வாரண்டி என்பது பெரும்பாலும், தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ இருந்த குறையால் ஒரு பாகம் பழுதானால் அதைச் சரிசெய்து தருகிறேன் என்ற வாக்கு. ஓட ஓடத் தேயும் பொருளுக்கான வாக்கு அல்ல. எனவே கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், டயர், வைப்பர், பல்ப், ஃபில்டர், ஆயில் போன்றவை பொதுவாக அதில் சேராது. பெயிண்ட், சீட், ரப்பர் பாகங்கள் பெரும்பாலும் சேராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி தனியாக இருக்கும்.

கூடுதல் வாரண்டி என்பது முதல் வாரண்டி முடிந்த இடத்தில் தொடங்குகிறது. முதலில் இருந்ததெல்லாம் அப்படியே நீளும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பல திட்டங்களில் இஞ்சின், கியர் பாக்ஸ், சில மின்பாகங்கள் என்று பட்டியல் சுருங்கிவிடும். யார் வாக்குக் கொடுக்கிறார் என்பதும் மாறலாம். வண்டி நிறுவனமா, டீலரா, இன்சூரன்ஸ் நிறுவனமா, இல்லை மூன்றாவதாக ஒரு கம்பெனியா? வாக்குக் கொடுத்தவரிடம்தான் கேட்க முடியும்.

மூன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

விபத்து, திருட்டு, வெள்ளம் என்று வெளியிலிருந்து வரும் சேதத்துக்கு இன்சூரன்ஸ். குறித்த காலத்தில் ஆயில் மாற்றிச் செக் செய்வதற்குப் பராமரிப்பு ஒப்பந்தம். உள்ளிருந்த குறையால் வரும் பழுதுக்கு வாரண்டி.

மழை நாளில் ரயில்வே பாலத்துக்கடியில் தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டு, நின்றதும் மறுபடி ஸ்டார்ட் செய்து, இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று வையுங்கள். அது தயாரிப்புக் குறை அல்ல, வாரண்டியில் வராது. சாதாரண இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். இஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் வழி.

நம் ஊர் ஓட்டத்துக்கு ஒரு கணக்கு

"எத்தனை வருடம்" என்று மட்டும் கேட்கிறோம். ஆனால் பத்திரத்தில் இவ்வளவு வருடம் அல்லது இவ்வளவு கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது என்று இருக்கும்.

ஒரு வண்டி நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓடுகிறது. வருடத்துக்கு 300 நாள் என்றால் 45,000 கிலோமீட்டர். முதல் வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்றால், இரண்டே கால் வருடத்திலேயே அது முடிந்துவிடும். கூடுதல் வாரண்டி 5 வருடம் அல்லது 1,20,000 கிலோமீட்டர் என்று இருந்தால், அதுவும் 2 வருடம் 8 மாதத்தில் முடிந்துபோகும். ஐந்து வருடத்துக்கென்று பணம் கட்டியவருக்கு உண்மையில் கிடைப்பது ஐந்து மாதம்!

அதே திட்டம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கார் எடுக்கும் ஒருவருக்கு முழுப் பலன் தரலாம். ஆகவே நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

வாக்கு முறியும் இடங்கள்

பட்டியலில் உள்ள பாகமே பழுதானாலும் சில காரணங்களால் வாரண்டி கிடைக்காமல் போகும். குறித்த கிலோமீட்டரில் சர்வீஸ் விடாதது, ஓவர்லோடு, வெளியே ஒயரிங்கை வெட்டி லைட்டோ மியூசிக் சிஸ்டமோ போட்டது, சொந்த உபயோகத்துக்கென்று பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டியது. துணி ரோலை அளவுக்கு மேல் அடுக்குகிற சகோதரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பையும் சாதாரணமாக எந்த வாரண்டியும் தராது.

வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி போய்விடுமா? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்பையும் தங்கள் கைக்குள்ளேயே வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, அந்த வேலையால் சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் சொன்னது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடும் வழக்கும் தொடுத்தன. எனவே அதை நம்பித் துணிந்துவிட வேண்டாம். வாரண்டி உள்ளவரை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சர்வீஸ் விட்டு, ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் இத்தகைய ஒப்பந்தங்களை விற்ற கார்ஷீல்டு என்ற நிறுவனம், எது சேரும் என்பதில் மக்களைத் தவறாக நம்பவைத்து விளம்பரம் செய்தது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் 1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

விற்பவர்களுக்கு

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). "எல்லாம் கவர் ஆகும்" என்று மேலே சொல்லி, ஆகாத பட்டியலைப் பொடி எழுத்தில் அடியில் வைப்பது, ஈரத்தை அடியில் வைப்பதுதான்.

ஒட்டகம்தானே அன்றைய வண்டி? வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்கள் முன்னிலையில் ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிப் போனார். வாஸிலா (ரலி) பின்னாலேயே ஓடிப்போய், "இறைச்சிக்கா, பயணத்துக்கா?" என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றார். "அதன் பாதத்தில் ஒரு ஓட்டை பார்த்தேன், தொடர்ந்து நடக்காது" என்றார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார், விற்றவர் 100 திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. "என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே" என்று விற்றவர் சொன்னபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவோம் என்று நபியிடம் உறுதிமொழி கொடுத்திருக்கிறோம் என்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதைக் கூறுகிறார்கள்.

எதற்கு வாங்குகிறீர்கள் என்று முதலில் கேட்டார்களே, அதை யோசியுங்கள். ஷோரூமில் வேலை செய்யும் தம்பிகளே, நீங்களும் அப்படிக் கேளுங்கள். "தினமும் எவ்வளவு ஓட்டுவீங்க பாய்?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தத் திட்டம் அவருக்கு உதவுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாங்குபவர்களுக்கு

திருப்பூர்க்காரர்களுக்கு ஒப்பந்தம் வாசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பையர் அனுப்பும் ஆர்டரில் ஜிஎஸ்எம் எவ்வளவு, ஷேடு எது, எத்தனை பீஸ் வரை குறை இருந்தால் ஏற்பான் என்று வரிக்கு வரி பார்க்கிறோம். ஒரு வரி தவறினால் டெபிட் நோட் வரும் என்ற பயம். அந்தக் கண்ணில் பாதியை வாரண்டிப் புத்தகத்தின் மீதும் வையுங்கள்.

ஆங்கிலம் தெரியாதே என்கிறீர்களா? கடன் பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல இயலாதவர் சார்பில் அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்லட்டும் என்று நான் முதலில் சொன்ன வசனத்திலேயே வழி இருக்கிறது. வீட்டில் காலேஜ் படிக்கும் மகளிடம் கொடுங்கள், வாசித்துச் சொல்வாள்.

பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. வாக்குக் கொடுப்பவர் யார்?
2. எந்தெந்தப் பாகம் சேரும், எது சேராது?
3. என்று தொடங்கும், எத்தனை கிலோமீட்டரில் முடியும்?
4. வாடகை ஓட்டத்துக்குச் செல்லுமா?
5. கூலியும் சேருமா, பாகத்துக்கு மட்டுமா?
6. வண்டியை விற்றால் அடுத்தவருக்கு மாறுமா?
7. வாயால் சொன்னதை எழுதித் தருவீர்களா?

வண்டியோடு சேர்ந்து வரும் வாரண்டி வேறு, தனி விலை கொடுத்து வாங்கும் கூடுதல் வாரண்டி வேறு. நபி (ஸல்) அவர்கள் "கரர்" என்னும் நிச்சயமற்ற வியாபாரத்தைத் தடுத்ததால் (முஸ்லிம்), இரண்டாவது வகை கூடுமா என்பதில் இன்றைய உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நேர்மை இரு பக்கமும் வேண்டும். மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது, இடித்த சேதத்தைத் தயாரிப்புக் குறை என்று மாற்றிச் சொல்வது, பொய் பில் வைப்பது எல்லாம் ஹராம். "கம்பெனிக்காரன் காசுதானே" என்ற பேச்சு மறுமையில் எடுபடாது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை சொல்லி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிந்துவிடும் என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்).

உரிமை மறுக்கப்பட்டால்

பட்டியலில் உள்ள பாகத்துக்கே மறுத்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வியாபாரத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கிய ஒரு தொழிற்கூடத்தின் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டிக்காரர் நுகர்வோர்தான். பிறரை வைத்து ஓட்டும் வியாபாரத்துக்கு அந்த உரிமை இல்லை.

நம் சகோதரருக்கு அந்த 14,000 திரும்பக் கிடைக்கவில்லை. கையெழுத்து அவருடையது. ஆனால் அந்தப் பையன் அவரிடம் மன்னிப்புக் கேட்டான், அவரும் மன்னித்தார். இப்போது ஷோரூமில் "எது சேராது" என்ற பக்கத்தை முதலில் திறந்து காட்டிவிட்டுத்தான் விற்கிறானாம். "விற்பனை குறைஞ்சிருச்சு ஹஜ்ரத், ஆனா மனசு லேசா இருக்கு" என்றான்.

நமது கொடுக்கல் வாங்கலை அல்லாஹ் தூய்மையாக்கி, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.