பத்தாம் நம்பர் ஸ்பானரில் தொடங்குங்கள்

இருசக்கர வாகனப் பட்டறை போடப்போகும் தம்பிகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, பழைய மாதிரி கெட்டியான சாமான் வாங்கட்டுமா, இல்ல இப்ப வர்ற புது மாடல் டூல்ஸ் வாங்கட்டுமா?" கையில் இருப்பது பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ. அதற்குள் இரண்டையும் வாங்க முடியாது என்பதால் வரும் கேள்வி இது.

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "அந்தச் சாமான் கைவிட்டால் எது போகும்?" ஸ்பானர் மட்டும் போனால் சில நூறு ரூபாயோடு முடிந்தது. போகிற போக்கில் இன்ஜினில் இருக்கும் போல்ட் தலையையும் மழுக்கிவிட்டுப் போனால் அரை நாள் வேலை கெடும், டிரில் போட வேண்டிவரும், சில நேரம் அலுமினிய உறையே பாழாகும். தொழில் தொடங்கிய வருடம் மலிவான ஸ்பானர் ஒன்றால் ஆயில் வடிக்கும் போல்ட்டை உருண்டையாக்கி, வண்டிக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். சாமானின் விலையை அது தொடும் போல்ட்டின் விலையோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அன்று வந்தது.

கடைக்குப் போவதற்கு முன்

ஒரு மாதம் பொறுங்கள். இரவல் சாமானிலோ, வேலை கற்ற பட்டறையிலோ வேலை செய்யும்போது, எந்த நம்பர் எத்தனை முறை கையில் ஏறுகிறது என்று சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகள் அதிகம் வரும் பட்டறை என்றால் 8, 10, 12, 14, 17 ஆகிய ஐந்து நம்பர்களில் கோடுகள் குவியும். காரணம் எளிது. 6 மில்லிமீட்டர் மரை கொண்ட போல்ட்டுக்குத் தலை 10. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானிய வழக்கில் தலை 12, ஐரோப்பிய வழக்கில் 13. அதனால்தான் சில கம்பெனி வண்டிகளில் 12-ஐத் தேடும் கை 13-க்குப் போகிறது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் பெட்டி நிறைய அடுக்கி வைத்த 'செட்' உங்களை மயக்காது. வழக்கமான ரிங் ஸ்பானர் செட்டில் 6-7, 8-9, 10-11 என்று ஜோடி ஜோடியாக வரும். அதில் 9, 11, 15, 18 ஆகியவை பல பட்டறைகளில் புத்தம் புதிதாகவே துருப்பிடிக்கின்றன. செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் 10-உம் 12-உம் நல்ல தரத்தில் இரண்டிரண்டாக வாங்கலாம். ஒன்றால் போல்ட்டைப் பிடித்து மற்றொன்றால் நட்டைத் திருகும் வேலை தினமும் வரும் என்பதால் இரண்டு வேண்டும்.

விசை தாங்கும் சாமான்: கெட்டிக்கே முதலிடம்

இறுகிய போல்ட்டை முதலில் அசைக்கும் சாமானில் அசையும் பாகம் எதுவும் இருக்கக் கூடாது. ரிங் ஸ்பானர், டி ஸ்பானர், நீளக் கைப்பிடியில் மாட்டிய சாக்கெட் ஆகியவை இந்த வகை. இங்கே புது வசதிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலையவும் வேண்டாம். பல பட்டறைகளில் காணும் தபாரியா, ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு 1969-இல் தொடங்கியது, நாசிக்கில் தயாராகிறது. ரிங் ஸ்பானருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2029, திறந்த வாய் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2028. எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 'குரோம் வனேடியம்' என்ற பொறிப்பை மட்டும் நம்ப வேண்டாம், அதை யாரும் பொறிக்கலாம். பேர்போன சாமானுக்குப் போலியும் வரும் என்பதால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் இரண்டு புதுப் போல்ட் எடுத்துப் போங்கள், 10 தலை ஒன்று, 12 தலை ஒன்று. ரிங்கில் போல்ட்டை நுழைத்து லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். அந்த ஆட்டம்தான் நாளைக்குத் தலையை மழுக்கும். அடுத்து ரிங்கின் உள்விளிம்பைப் பாருங்கள். முலாம் கட்டியாகவோ உரிந்தோ இருந்தால் வேண்டாம். உரிந்த குரோம் கண்ணாடிச் சில் போலக் கையைக் கிழிக்கும்.

கனமாக இருந்தால் உறுதி என்று நினைப்பவர்கள் நிறைய. ரிங்கின் சுவர் தடித்திருந்தால் கூலிங் ஃபின்களுக்கு நடுவே இருக்கும் நட்டில் அது நுழையவே நுழையாது. நல்ல எஃகு என்றால் மெல்லிய சுவரே போதுமான விசையைத் தாங்கும். கையில் எடை போட்டுப் பார்ப்பதைவிட, இடுக்கில் நுழைகிறதா என்று பார்ப்பது மேல்.

சாக்கெட்டில் ஆறு முகமா, பன்னிரண்டு முகமா என்ற கேள்வி வரும். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஆறு முகமே நல்லது. பன்னிரண்டு முகம் எந்தக் கோணத்திலும் சட்டென்று உட்காரும், ஆனால் மூலைக்கு அருகே கடிப்பதால் தேய்ந்த தலையில் வழுக்கும். நல்ல தயாரிப்புகளில் இன்று இன்னொரு மாற்றம் இருக்கிறது. சாக்கெட்டின் உள்மூலைகளைக் கொஞ்சம் குடைந்துவிட்டு, போல்ட் தலையின் மூலையில் விழும் விசையைத் தட்டையான பக்கத்துக்கு நகர்த்தியிருப்பார்கள். இந்தப் புதுமைக்கு நான் தயங்காமல் பணம் கொடுப்பேன், போல்ட்டின் ஆயுளைக் கூட்டுவதால்.

ராட்செட்: எண்ணிப் பார்த்து வாங்க வேண்டிய ஒன்று

பையன்களின் கண் முதலில் போவது ராட்செட்டில்தான். 24 பல் ராட்செட் ஒரு பல் நகர 15 டிகிரி ஆட வேண்டும், 72 பல்லுக்கு 5 டிகிரி போதும். டேங்குக்குக் கீழே, கார்புரேட்டருக்குப் பின்னால், கை ஒரு விரற்கடை மட்டும் அசையக்கூடிய இடத்தில் அந்த 10 டிகிரி வித்தியாசம் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பல் பொடியாவதால் பலம் குறையும் என்பது எல்லா நேரமும் உண்மையில்லை. அகலமான நாக்கு ஒரே நேரத்தில் பல பற்களைக் கடித்தால் பொடிப் பல்லும் தாங்கும். மலிவான 72 பல்லில் அந்த அகலம் இருக்காது.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். தலையைத் திருகு கழற்றித் திறக்க முடிகிறதா? நாக்கும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கின்றனவா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அந்த ராட்செட் பத்து வருடம் உழைக்கும். ரிங்கிலேயே ராட்செட் வைத்த ஸ்பானர்களைப் பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்ய முடியாது. ஆசையாக இருந்தால் 10-உம் 12-உம் மட்டும் வாங்குங்கள், செட்டாக வேண்டாம்.

இன்னொன்றைப் பட்டறைச் சட்டமாகவே வையுங்கள்: ராட்செட்டால் இறுக்கம் உடைக்கக் கூடாது. என் பட்டறையில் ஒரு பையன் பின் சக்கர அச்சு நட்டுக்கு ராட்செட் போட்டு, அதன் வாலில் பைப்பும் செருகி இழுத்தான். பல் தாவியது, அவன் கை சூடான சைலன்சரில் போய் விழுந்தது. முதல் அசைவுக்கு நீளக் கைப்பிடி, அசைந்த பிறகு ராட்செட். வரிசை அதுதான்.

ஸ்க்ரூ டிரைவர்: யாரும் கவனிக்காத இடம்

ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் கூட்டல் குறி போலப் பள்ளம் உள்ள திருகுகள் நாம் நினைக்கும் 'ஸ்டார்' இல்லை. ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. சாதாரண பிலிப்ஸ் முனையைப் போட்டால் அடிவரை உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். கார்புரேட்டர் திருகுகளின் தலை கிழிந்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம். பல திருகுத் தலைகளில் சின்னப் புள்ளி ஒன்று குத்தியிருக்கும், அது ஜே.ஐ.எஸ். என்பதற்கான அடையாளம். அந்த முனையுள்ள டிரைவர் இரண்டு அளவில் போதும்.

இறுகிக் கிடக்கும் உறைத் திருகுகளுக்குச் சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் வாங்கி வையுங்கள். மிகப் பழைய சாமான், பேட்டரி கிடையாது. அடி திருகைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே திருப்புவதால் வழுக்காது. இன்றுவரை அதைவிட நல்லது எதையும் நான் பார்க்கவில்லை.

டார்க் ரெஞ்ச்: புதுமைக்கு வழிவிடுங்கள்

"என் கைக்குத் தெரியும்" என்று சொல்லும் மூத்தவர்களை மதிக்கிறேன். ஆனாலும் அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கின் மரையைப் பிய்த்த கைகளும் அவைதான். 10 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 10 முதல் 12 நியூட்டன்-மீட்டர் போதும். 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30. இந்த வித்தியாசத்தைக் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் களைத்த பிறகு வேறு மாதிரியும் உணரும் கையால் நிர்ணயிக்க முடியாது.

வாங்கும்போது அளவு எல்லையைப் பாருங்கள். 40-இல் தொடங்கி 200 வரை போகும் பெரிய ரெஞ்ச் கார் சக்கரத்துக்கு உதவும், உங்கள் பிளக்குக்கு உதவாது. 5 முதல் 25 வரை போகும் சிறியது முதலில், பெரியது அடுத்த வருடம். டிஜிட்டல் திரை, பீப் ஒலி எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன; எண்ணெய்க் கையும் வியர்வையும் மழை ஈரமும் உள்ள இடத்தில் 'கிளிக்' சத்தம் போடும் ஸ்பிரிங் வகையே எனக்குப் போதுமாக இருக்கிறது. வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். கழற்றுவதற்கு அதைத் தொடவே தொடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 5,000 கிளிக்குக்கு ஒருமுறை, அளவு சரிபார்க்கக் கொடுப்பது நல்லது.

பேட்டரி கன்

ஸ்கூட்டரின் கிளட்ச் நட், மேக்னட் நட் ஆகியவற்றைக் கழற்ற இது வரம். ஆனால் கடைசியில் வாங்குங்கள். ஒரு பெட்டியில் 18 வோல்ட், இன்னொன்றில் 20 வோல்ட் என்றிருந்தால் குழம்ப வேண்டாம்; பெரும்பாலும் இரண்டிலும் ஐந்து செல்கள்தான். செல்லுக்கு 3.6 என்று கணக்கிட்டால் 18, முழுச் சார்ஜில் அளந்தால் 20-ஐத் தாண்டும். கன்னைவிடப் பேட்டரி முன்னால் சாகும். எனவே ஐந்து வருடம் கழித்தும் அந்தப் பேட்டரி கிடைக்கக்கூடிய, பக்கத்து நகரத்தில் சர்வீஸ் உள்ள தயாரிப்பாகப் பாருங்கள்.

அதோடு கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்கியாக வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் கடினமானது, கன்னின் அடியில் வெடித்துத் தெறிக்கும். கறுப்பு வகை தடித்தது, அடியை உள்வாங்கும். கழற்றுவதற்கு மட்டும் கன்; பிளக்கையும் ஆயில் போல்ட்டையும் அதனால் இறுக்கவே கூடாது.

பழைய சாமான்

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய சாமான் வாங்குவது புத்திசாலித்தனம்தான், எதை என்று தெரிந்தால். பழைய ரிங் ஸ்பானர், டி ஸ்பானர் வாங்கலாம். பழைய டார்க் ரெஞ்ச் வேண்டவே வேண்டாம், ராட்செட்டும் திறந்து பார்த்தால் ஒழிய வேண்டாம். ஸ்பானரில் நீலம் பாய்ந்திருந்தால் யாரோ காஸ் அடுப்பிலோ வெல்டிங்கிலோ சூடேற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பதம் போய்விட்டது, விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு

தினமும் பட்டறை அடைக்குமுன் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட துணியால் துடைத்து, எண்ணிப் பெட்டியில் வையுங்கள். கடலோர ஊர் என்றால் மேலே எண்ணெய் மெழுக்கு கட்டாயம். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பும்போது, பொட்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு புதுப் போல்ட்டை நுழைத்து ஆட்டிப் பாருங்கள். வாய் விரிந்துவிட்டது என்று தெரிந்தால் அதன் வாலில் சிவப்புப் பெயிண்ட் அடித்து, கம்பி வளைக்கவும் நெம்பவும் தனியாக ஆணியில் மாட்டிவிடுங்கள். என் பட்டறைச் சுவரில் அப்படி ஏழு தொங்குகின்றன, அதில் நான்கு பத்தாம் நம்பர்.