ஒரே நோய், வெவ்வேறு வழி

சித்தூரில் ஒருவருக்குத் திடீரென ஒரு கண் பார்வை மங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, வீட்டார் இரண்டு ஊர்களை நினைப்பர். ஒன்று, தெற்கே உள்ள வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். மற்றொன்று, திருப்பதி. அங்கு 1993 முதல் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. இத்தகைய அறிகுறிகளைக் கண்ட மருத்துவர் எண்ணிப் பார்க்கும் நோய்களுள் ஒன்று தண்டுவட மரப்பு நோய்.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நம் நரம்புகளுக்கு மயலின் என்னும் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே அவ்வுறையைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை; தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் பல உள்ளன. ஒருவருக்கு நலம் தரும் மருந்து மற்றவருக்குப் பயன்படாமற் போகும். பொருந்தாத மருந்தை உண்டு கழித்த காலத்தில் இழந்த நடை, பின்னர் திரும்பாமலும் போகலாம்.

யாருக்கு எம்மருந்து என்பதை அறிய இயந்திரக் கற்றல் துணைசெய்கிறது. விதிகளை எழுதித் தராமல், எடுத்துக்காட்டுகள் பலவற்றைத் தந்து, அவற்றிலுள்ள ஒழுங்கைக் கணினியே கண்டறியச் செய்வது இம்முறை. 2021இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 6,322 நோயாளிகளின் மூளை எம்.ஆர்.ஐ. படங்களைக் கணினிக்கு அளித்தனர். யார் எவ்வகை என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை. மூளையில் சேதம் எங்கே முதலில் தோன்றுகிறது என்பதைக் கொண்டு அது நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தது. மேலும் 3,068 பேரின் படங்களிலும் அவ்வகைகள் காணப்பட்டன. புண்கள் முதலில் தோன்றும் வகையினருக்கு நோய் முற்றும் வாய்ப்பு மிகுதி. ஆயினும் ஆராயப்பட்ட சில மருந்துகளால் பயன் பெற்றவரும் அவர்களே.

இந்திய மருத்துவர் வேறொன்றையும் கருத வேண்டும். நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்னும் நோயும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். இரண்டும் ஒன்றே என நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2004இல் கண்டறியப்பட்ட எதிர்ப்பொருள் ஒன்று, இரத்தச் சோதனையால் அவற்றை வேறுபடுத்த வழிகாட்டியது. மரப்பு நோய்க்குத் தரும் பீட்டா இன்டர்ஃபெரான் இந்நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடும். மரப்பு நோயாளிகளின் படங்களை மட்டுமே கற்ற கணினியோ, இவரையும் தான் அறிந்த மூன்று வகைகளுள் ஒன்றில் சேர்த்துவிடும். ஆகவே, படம் கணினிக்குச் செல்லுமுன் மருத்துவர் நோயாளியை நேரில் ஆராய்கிறார். ஐயம் எழுந்தால் இரத்தத்தைச் சோதிக்கிறார்.

பயிற்சி

1. 'வேலியே பயிரை மேய்வது' என்னும் தொடர் இப்பாடத்தில் எதனைக் குறிக்கிறது?

2. கணினி தான் கற்காத நோயை எதிர்கொண்டால் என்ன நிகழும்? பாடத்தைக் கொண்டு விளக்குக.

3. 'மரத்துப்போதல்', 'மங்குதல்' ஆகியவற்றை உங்கள் வீட்டுப் பெரியோர் எவ்வாறு கூறுவர்? கேட்டு எழுதுக.